மதியமானால் காணாமல் போகும் ஸ்டோரேஜ் சர்வர்: நெட்வொர்க் கார்டை மாற்றும் முன்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். சாலிகிராமத்தில் சின்ன எடிட்டிங் ஸ்டுடியோ. ஐந்து எடிட் சிஸ்டம், நடுவில் எட்டு டிஸ்க் போட்ட ஒரு ஸ்டோரேஜ் சர்வர், அதில் ட்ரூநாஸ் ஸ்கேல் என்ற, லினக்ஸில் ஓடும் ஸ்டோரேஜ் மென்பொருள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்டெல் எக்ஸ்540 நெட்வொர்க் கார்டு போட்டிருக்கிறீர்கள். சர்வரிலிருந்து ஸ்விட்ச்சுக்கு 10 ஜிகாபிட், எடிட் சிஸ்டங்களுக்கு 1 ஜிகாபிட், எல்லாம் காப்பர் கேபிள். மூன்று வாரமாக மதியம் இரண்டு மணிக்கு மேல் ஷேர், அதாவது எல்லோரும் திறக்கும் சர்வர் ஃபோல்டர், காணாமல் போகிறது. டைம்லைனில் சிவப்பாக ‘மீடியா ஆஃப்லைன்’ வந்து நிற்கிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. இதற்கு நடுவில் மூன்றாவது சிஸ்டத்தில் மட்டும் சில நாள் காப்பி வேகம் விநாடிக்கு 11 எம்பிக்கு இறங்கிவிடுகிறது. கார்டு போய்விட்டதா, புதுசு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. மூன்றாவது சிஸ்டத்தின் 11 எம்பி விஷயத்துக்கும் மதியக் கோளாறுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் ஒன்றைச் சரிசெய்தபின் மற்றது தலைகாட்டும்; ‘இன்னும் சரியாகவில்லை’ என்று, செய்த சரியான வேலையையும் கலைத்துவிடுவோம். இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

சர்வர் கண்ணில் படாமல் போனதும் நீங்கள் செய்யும் முதல் காரியம் ரீஸ்டார்ட். வேலை நிற்கிறது, டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், வேறு என்ன செய்வது, புரிகிறது. ஆனால் கோளாறு நடந்துகொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. ரீஸ்டார்ட் செய்த நொடியில் கார்டு எண்ணி வைத்திருந்த பிழைக் கணக்கெல்லாம் பூஜ்யமாகிவிடும், போர்ட் விளக்கு எந்த நிலையில் இருந்தது என்பதும் போய்விடும். அதுவும் உங்கள் விஷயத்தில், நான் சந்தேகப்படும் மூன்று காரணங்களுமே ரீஸ்டார்ட் செய்தால் தற்காலிகமாகச் சரியாகிவிடக் கூடியவை. அதனால் ‘ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது’ என்பதை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷேர் போனது என்றால் சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. டிஸ்க், அதில் ஃபைல்களைக் கையாளும் இசட்எஃப்எஸ், மெமரி எல்லாம் உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வெளியே வரும் வாசல் மட்டும் அடைத்திருக்கும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். இசட்எஃப்எஸ் தன் கட்டமைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும், ஆனால் டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் மெமரியில் இருந்த கடைசிச் சில விநாடி எழுத்து போய்விடும். ஒரு மானிட்டரும் கீபோர்டும் சர்வரிலேயே நிரந்தரமாகச் செருகி வையுங்கள். உங்கள் மதர்போர்டில் ஐபிஎம்ஐ போர்ட் (சர்வரைத் தனி வழியில் தூரத்திலிருந்து பார்க்க உதவும் போர்ட்) இருந்தால் இன்னும் நல்லது, அதற்குத் தனிக் கேபிள் போட்டுவிடுங்கள். நெட்வொர்க் போன சர்வரிடம் நெட்வொர்க் வழியாகப் போய் என்ன ஆச்சு என்று கேட்க முடியாது அல்லவா.

சரி, அடுத்த முறை நடக்கும்போது என்ன பார்ப்பது?

முதலில் கண்ணால் பாருங்கள். சர்வரின் பின்பக்கம் கார்டில் கேபிள் செருகிய போர்ட்டில் விளக்கு எரிகிறதா? ஸ்விட்ச்சில் அதே கேபிளின் மறுமுனையில் எரிகிறதா? போனில் இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எடிட்டர்களிடம் ஒரே ஒரு கேள்வி: ஐந்து பேருக்கும் ஒரே நொடியில் போனதா, இல்லை ஒருவருக்கு முதலில், இன்னொருவருக்கு ஐந்து நிமிடம் கழித்து என்று போனதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தாலே பாதிக் காரணங்களை ஒதுக்கிவிடலாம்.

என் முதல் சந்தேகம் சூடு. எக்ஸ்540 என்பது 2012இல் வந்த சிப். காப்பர் கேபிளில் 10 ஜிகாபிட் அனுப்புவது மின்சாரத்தைக் கணிசமாகத் தின்னும் வேலை. அந்தக் காலத்துச் சிப்கள் இதற்காகப் பத்து வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இந்தக் கார்டுகளை வடிவமைத்தது ரேக் சர்வருக்காக. ரேக் சர்வரில் முன்பக்கம் வரிசையாக ஃபேன் இருக்கும், விமானம் கிளம்புகிற மாதிரி சத்தத்தோடு காற்று நேராகக் கார்டின் மேல் பாயும். அதே கார்டைச் சாதாரண டவர் கேபினட்டில் போட்டால் அந்தக் காற்று கிடையாது. ஹீட்சிங்க் சின்னது, அதன் மேல் ஃபேனும் இருக்காது. செகண்ட் ஹேண்ட் என்றால் ஹீட்சிங்குக்கு அடியிலுள்ள தெர்மல் பேஸ்ட் பத்து வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியும் இருக்கலாம்.

இதோடு நம் ஊர் மதியத்தைச் சேர்த்துப் பாருங்கள். சர்வர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் அது எடிட் ரூமில் இருக்காது, சத்தம் கேட்கும் என்பதால். யூபிஎஸ் பேட்டரி, பழைய டேப், விளக்கு ஸ்டாண்டு எல்லாம் கிடக்கும் ஒரு சின்ன அறையில் இருக்கும். அந்த அறையில் ஏசி இருக்காது, அல்லது மதியம் சாப்பிடப் போகும்போது நிறுத்திவிட்டுப் போவார்கள். அதைவிட முக்கியமானது கரண்ட் கட். கரண்ட் போனால் ஏசி நின்றுவிடும், ஆனால் சர்வர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வரைக் காப்பாற்றத்தான் யூபிஎஸ் போட்டோம். அந்த நேரத்தில் மூடிய அறையில் குளிர்ச்சியில்லாமல் அதை ஓடவும் விடுகிறோம். அக்னி நட்சத்திர நாட்களில் அரை மணி நேரம் போதும்.

இது சூடுதான் என்றால் அடையாளம் தெளிவாக இருக்கும். ஐந்து பேருக்கும் ஒரே நொடியில் போகும். போர்ட் விளக்கு அணைந்திருக்கும். லினக்ஸில் இந்த இன்டெல் கார்டை ஓட்டும் டிரைவருக்கு ஐஎக்ஸ்ஜிபிஇ என்று பெயர். சிப் அளவு மீறிச் சூடானால், ‘ஓவர் ஹீட்’ ஆனதால் அடாப்டரை நிறுத்திவிட்டேன், கணினியை ரீஸ்டார்ட் செய்யவும் என்ற பொருளில் அது கர்னல் லாகில் (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் பதிவில்) ஒரு வரி எழுதும். நீங்கள் செய்யும் ரீஸ்டார்ட்டில் ஏன் சரியாகிறது என்பதற்கு அந்த வரியே பதில். இதைத் தேட அடுத்த கோளாறுவரை காத்திருக்கவும் வேண்டாம். ட்ரூநாஸ் ஷெல்லில் ஜர்னல்சிடிஎல் கட்டளையை, முந்தைய பூட்டின் கர்னல் லாகைக் காட்டும் ஆப்ஷனோடு கொடுங்கள்: மைனஸ் கே, மைனஸ் பி, அப்புறம் மைனஸ் 1. முந்தைய பூட்டின் லாக் டிஸ்க்கில் தங்கியிருந்தால் அதில் ‘ஹீட்’ என்ற சொல்லும், ‘லிங்க் இஸ் டவுன்’ என்ற வரியும் எத்தனை மணிக்கு வந்திருக்கின்றன என்று பாருங்கள். அந்த நேரத்தை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எடிட்டர் ‘சர்வர் போச்சு’ என்று போட்ட நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

அந்த வரி இல்லாவிட்டாலும் சூட்டை ஒதுக்கிவிட முடியாது, எல்லாக் கார்டிலும் வெப்ப எச்சரிக்கை முறையாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் எப்போதும் செய்யும் சோதனை ஒன்று: கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு டேபிள் ஃபேனைக் கார்டுக்கு நேராக வைத்து ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரம் முழுக்க வேறு எதையும் மாற்றாதீர்கள். கோளாறு நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு ஹீட்சிங்கின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேனை ஸிப் டையால் கட்டிவிடலாம். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பேஸ்டையும் புதிதாகத் தடவிவிடுங்கள். பழைய பேஸ்டைச் சுரண்டும்போது ஸ்குரூ டிரைவர் வேண்டாம், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும்.

ஒரு முறை ஒரு டப்பிங் இடத்தில் இதே மாதிரி கார்டை, ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். கேபினட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. ஹீட்சிங்கின் இறக்கைகளுக்கு இடையில் சாம்பல் நிறத் தூசி பஞ்சு மாதிரி அடைத்து ஒரே கட்டியாக இருந்தது. ஊதியபோது அது தனியாகப் பெயர்ந்து, ஹீட்சிங்கின் அச்சிலேயே மேசையில் விழுந்தது. அந்த இடத்தில் அதற்கு முன்பே இரண்டு கார்டு மாற்றியிருந்தார்கள். புதுக் கார்டில் தூசி இல்லை, அதனால் ஒவ்வொரு முறையும் சில மாதம் ஓடியிருக்கிறது.

இரண்டாவது சந்தேகம் ஐபி மோதல். இதைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை. உங்கள் சர்வருக்கு நீங்கள் கையால் ஒரு ஐபி முகவரி போட்டிருப்பீர்கள், உதாரணத்துக்கு 192.168.1.50. வைஃபை ரவுட்டரோ, தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் தானாக ஒரு முகவரி கொடுக்கும். 2இலிருந்து 254 வரை எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அதில் இருந்தால், 50ஐயும் ஒரு நாள் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடும். கொடுக்கும் முன் அந்த முகவரியை யாராவது வைத்திருக்கிறார்களா என்று சரிபார்க்கும் ரவுட்டர்களும் உண்டு, பார்க்காதவையும் உண்டு.

இப்போது உங்கள் மதியத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் எடிட்டர்கள் மட்டும் இருப்பார்கள். மதியத்துக்கு மேல்தான் டைரக்டர், அசிஸ்டெண்டுகள், ப்ரொடக்‌ஷனிலிருந்து வருபவர்கள் என்று ஆட்கள் வருவார்கள். வந்ததும் எல்லோரும் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. பத்துப் போன் ஒரே நேரத்தில் ஏறும்போது அதில் ஒன்றுக்கு 50 போய்விட்டால், எடிட் சிஸ்டங்கள் சர்வரைத் தேடும்போது ‘அது நான்தான்’ என்று அந்தப் போனும் பதில் சொல்லும். ஒவ்வொரு சிஸ்டமும் தன் நினைவில் வைத்திருக்கும் முகவரிப் பட்டியலை வெவ்வேறு நேரத்தில் புதுப்பிக்கும் என்பதால் எல்லோருக்கும் ஒன்றாகப் போகாது. ஒருவருக்கு வரும், ஒருவருக்கு வராது. சர்வரில் விளக்கும் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் சர்வர் தன் முகவரியை எல்லோருக்கும் மறுபடி அறிவிக்கும், அதனால் சிறிது நேரம் சரியாகிவிடும்.

பிடிப்பது சுலபம். எல்லாம் நன்றாக ஓடும் ஒரு காலையில் ஏதாவது ஒரு எடிட் சிஸ்டத்தில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஏஆர்பி மைனஸ் ஏ கொடுங்கள். சர்வரின் ஐபிக்கு எதிரே ஒரு மேக் முகவரி இருக்கும், அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், ஆறு ஜோடி எழுத்துகள். அதை ஒரு காகிதத்தில் எழுதி சர்வர் கேபினட்டில் ஒட்டிவிடுங்கள். கோளாறு வரும்போது, ஷேர் போன சிஸ்டத்தில் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். மேக் முகவரி மாறியிருந்தால் வேறு யாரோ உங்கள் சர்வரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது போனா என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது கருவி தானே உண்டாக்கிக்கொண்ட தற்காலிக முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் வைஃபையில் இப்படித்தான் செய்கின்றன.

நிவாரணம்: ரவுட்டரில் தானாகக் கொடுக்கும் எல்லையை 100இலிருந்து 200 வரை என்று சுருக்கிவிடுங்கள், சர்வர், ப்ரிண்டர் எல்லாம் 100க்குக் கீழே இருக்கட்டும். அதோடு வெளியாட்களுக்கு கெஸ்ட் வைஃபை தனியாகப் போட்டுவிடுங்கள். இது கோளாறுக்காக மட்டும் சொல்வதல்ல. ரிலீஸ் ஆகாத படத்தின் ஃபுட்டேஜ் இருக்கும் சர்வரும், வந்து போகிறவர்களின் போனும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது. இந்தச் சந்தேகம் பொய்யாகவே போனாலும் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

மூன்றாவது, டிரைவர் தொங்கிப்போவது. விளக்கு எரியும், மேக் முகவரி சரியாக இருக்கும், ஆனால் ஒரு பாக்கெட்கூட (டேட்டாத் துண்டு) வெளியே போகாது. ஐந்து பேருக்கும் ஒன்றாகவே போகும். கர்னல் லாகில் ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ என்றும் ‘டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்’ என்றும் வரி இருக்கும். அப்போது சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல், கன்சோலில், அதாவது சர்வரில் செருகிய கீபோர்டில், ஐபி லிங்க் செட் கட்டளையால் அந்த இன்டர்ஃபேஸை (கார்டின் போர்ட்டை) மட்டும் டவுன் செய்து மறுபடி அப் செய்யுங்கள். வந்துவிட்டால் வேலையும் தொடரும், காரணமும் உறுதியாகும். பயாஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் மின்சிக்கன வசதியான ஏஎஸ்பிஎம் இருந்தால் அணைத்துப் பாருங்கள். கார்டை ஒரு முறை வெளியே எடுத்து, தங்கப்பூச்சு விளிம்பைத் துடைத்து, ஸ்லாட்டில் அழுத்தி உட்காரவைத்து ஸ்குரூ போடுங்கள். லாகில் பிசிஐ ‘கரெக்டட் எரர்’ வரிசையாக வந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் சரியாக உட்காராத கார்டு, அல்லது ஸ்லாட்டின் கோளாறு. கார்டின் சுமையைக் குறைக்க, பாக்கெட் பிரிப்பது போன்ற வேலைகளைக் கார்டிடமே விடும் டிஎஸ்ஓ போன்ற ஆஃப்லோடு வசதிகளை ஈத்டூல் என்ற கட்டளை மூலம் அணைத்துப் பார்ப்பதும் உண்டு. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றையும் ஒதுக்கிவிட வேண்டும். கார்டின் இரண்டு போர்ட்டையும் அதே ஸ்விட்ச்சில் செருகி, இரண்டுக்கும் ஒரே வரிசையில் இரண்டு ஐபி கொடுத்திருக்கிறீர்களா? ‘இரண்டு வழி இருந்தால் நல்லதுதானே’ என்று நிறையப் பேர் செய்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு போர்ட்டின் முகவரிக்கு இன்னொரு போர்ட் பதில் சொல்ல ஆரம்பிக்கும், எந்த வழியாக எது போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதே மாதிரி, யாராவது எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 என்று மாற்றியிருந்தால் ஸ்விட்ச், சிஸ்டம், சர்வர் மூன்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிங் போகும், ஃபோல்டர்கூடத் திறக்கும், பெரிய ஃபைலைத் தொட்டால் மட்டும் உறைந்துவிடும். ஐந்து சிஸ்டம் உள்ள இடத்துக்கு 1500 போதும் என்பது என் அபிப்பிராயம்.

இனி மூன்றாவது சிஸ்டத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது கேபிள். 11 எம்பி என்ற எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது. 1 ஜிகாபிட் இணைப்பு நன்றாக இருந்தால் விநாடிக்கு 110 எம்பிக்கு மேல் வரும். 100 மெகாபிட் இணைப்பில் வருவது 11, 12. டிஸ்க் மெதுவானாலோ, சர்வர் திணறினாலோ வேகம் 40, 70, 25 என்று ஏறி இறங்கும். இவ்வளவு துல்லியமாக 11இல் நிற்காது. விண்டோஸில் அந்த நெட்வொர்க் இணைப்பின் ஸ்டேட்டஸைத் திறந்து பாருங்கள், மெதுவாக இருக்கும் நாளில் ஸ்பீடு 100 மெகாபிட் என்றே காட்டும்.

ஏன் இப்படி? கேபிளுக்குள் நான்கு ஜோடி கம்பி உண்டு. 1 ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டு ஜோடி போதும். நீலம் அல்லது பிரவுன் ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் பல கார்டுகள் இணைப்பை அறுக்காமல், ‘சரி, இருப்பதை வைத்து ஓட்டுவோம்’ என்று 100க்கு இறங்கிவிடும். வேலை நடக்கிற மாதிரியே இருக்கும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. சில நாள் மட்டும் வருகிறது என்றால் கம்பி முழுக்க அறுபடவில்லை, பிளக்குக்குள் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது. நாற்காலி இடித்தால், மேசையைத் தள்ளினால் மாறும்.

முதலில் சிஸ்டத்துக்கும் சுவரிலுள்ள ஐஓ பாக்ஸுக்கும் நடுவிலுள்ள பேட்ச் கேபிளை மாற்றுங்கள். சரியாகாவிட்டால் ஸ்விட்ச் பக்கத்துப் பேட்ச் கேபிள். அதற்கும் அசையாவிட்டால் சுவருக்குள் போகும் கேபிள். ஒவ்வொன்றாக, ஒன்றை மாற்றி ஒரு நாள் பார்த்து, பிறகு அடுத்தது.

அந்தக் கேபிளை இழுத்தவர் யார், என்ன கேபிள் போட்டார் என்று கேட்டு வையுங்கள். இன்டீரியர் வேலையோடு எலெக்ட்ரீஷியனே இழுத்த கேபிள் என்றால் ஒரு துண்டை வெட்டி நீங்களே பாருங்கள். மேல் உறையை உரித்து, ஏதாவது ஒரு கம்பியின் பிளாஸ்டிக்கை நீக்கி, பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். நல்ல கேபிள் என்றால் எவ்வளவு சுரண்டினாலும் செம்பின் சிவப்பே வரும். செம்புப் பூச்சு மட்டும் கொடுத்த அலுமினியம் என்றால் இரண்டாவது இழுப்பிலேயே வெள்ளி மாதிரி வெளுத்துவிடும். கையில் பிடித்து நாலைந்து முறை முன்னும் பின்னும் மடக்கினால் பட்டென்று ஒடிந்தும் போகும். இதை சிசிஏ கேபிள் என்பார்கள். உறையின் மேல் கேட் 6 என்று அச்சிட்டிருந்தாலும் இது அந்தத் தரத்தில் சேராது. அந்தத் தரம் முழுச் செம்பைத்தான் ஏற்கிறது. ரிச்சி தெருவில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். ‘ஃபுல் காப்பரா’ என்று கேளுங்கள், பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். 305 மீட்டர் பெட்டியில் விலை வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து மறுபடி இழுக்கும் கூலியைக் கணக்குப் போட்டால் அது ஒன்றுமே இல்லை.

சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவிலுள்ள 10 ஜிகாபிட் கேபிளையும் இதே கண்ணோடு பாருங்கள். 10 ஜிகாபிட் காப்பர் ஓட கேட் 6 என்றால் 55 மீட்டருக்குள், கேட் 6ஏ என்றால் 100 மீட்டர். உங்கள் இடத்தில் தூரம் பிரச்சினை இல்லை, கையால் கிரிம்ப் செய்த பிளக்தான் பிரச்சினையாக இருக்கும். அங்கே கம்பெனியில் செய்து வரும் கேட் 6ஏ பேட்ச் கேபிள் ஒன்றே போடுங்கள். அதன் ஆரோக்கியத்தைக் கார்டே சொல்லும்: ஈத்டூல் கட்டளையை பெரிய எஸ் ஆப்ஷனோடு கொடுத்தால் நீளமாக ஒரு கணக்கு வரும். அதில் சிஆர்சி எரர் (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் கணக்கு) என்ற வரியைப் பாருங்கள், பத்து நிமிடம் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். ஏறினால் கேபிள், பிளக், போர்ட் இந்த மூன்றில் ஒன்று. ஆர்எக்ஸ் மிஸ்டு என்ற எண் ஏறினால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். வரும் பாக்கெட்டுகளை வாங்கி வைக்க சர்வரால் முடியவில்லை என்று பொருள்.

கடல் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாலிகிராமத்தில் அவ்வளவு தெரியாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருக்கும் இடங்களில் ஆர்ஜே45 பிளக்கின் தங்கப்பூச்சு மெலிதாக இருந்தால் பச்சை பூத்துவிடும். கேபிளைக் கழற்றிச் செருகினால் இரண்டு வாரம் ஓடும், மறுபடி தொல்லை. அந்த இரண்டு வாரத்தைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடுவார்கள். பச்சையைக் கண்டால் பிளக்கை வெட்டிப் புதிது போட வேண்டியதுதான்.

அப்புறம், உங்களுடைய ஏதாவது ஒரு கேபிள் மொட்டை மாடி வழியாகவோ அடுத்த கட்டடத்துக்கோ போகிறதா? போனால் ஐப்பசி மழைக்கு முன் அதை மாற்றிவிடுங்கள். அம்பத்தூரில் ஒரு அச்சகத்தில் இரண்டு ஷெட்டுக்கு நடுவே காப்பர் கேபிள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு இடி மழை இரவு. மறுநாள் சர்வர் ஓடுகிறது, அந்த ஒரு போர்ட் மட்டும் விளக்கில்லாமல் செத்திருக்கிறது. ஸ்விட்ச்சில் எதிர்முனைப் போர்ட்டும் அப்படியே. பக்கத்துப் போர்ட்டில் செருகினால் வேலை செய்தது, அதனால் நானும் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் இன்னொரு மழையில் மதர்போர்டே போனது. அன்றே ஃபைபர் போடச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

இதெல்லாம் பார்த்து, ஃபேன் வைத்தும், ஐபி எல்லையைப் பிரித்தும், கேபிள் மாற்றியும், கார்டை எடுத்து உட்காரவைத்தும் மதியக் கோளாறு வந்துகொண்டே இருந்தால் அப்போது கார்டை மாற்றலாம். உங்கள் ஸ்விட்ச்சில் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் (மாட்யூல் செருகும் 10 ஜிகாபிட் போர்ட்) இருந்து, சர்வரும் பக்கத்திலேயே இருந்தால், காப்பர் கார்டுக்குப் பதிலாக எஸ்எஃப்பி பிளஸ் கார்டும் இரண்டு மூன்று மீட்டர் டிஏசி கேபிளும் (இரு முனையிலும் அந்த மாட்யூலோடு வரும் கேபிள்) வாங்குங்கள். சூடு வெகுவாகக் குறையும். இன்டெல் கார்டு சில, தனக்குத் தெரியாத மாட்யூலை ஏற்காது. அதனால் வாங்குமுன் கார்டும் கேபிளும் ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள்.

மாற்றும் நாளில் ஒன்று நடக்கலாம், பதறாதீர்கள். லினக்ஸில் இன்டர்ஃபேஸின் பெயர் கார்டு இருக்கும் ஸ்லாட்டை வைத்து அமைகிறது. புதுக் கார்டு போட்டதும், அல்லது அதே கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டதும், பெயர் மாறக்கூடும். மாறினால், பழைய பெயருக்கு எழுதி வைத்த ஐபி அமைப்பு அநாதையாகிவிடும், சர்வர் நெட்வொர்க்கில் வராது. புதுக் கார்டும் கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சர்வரில் மானிட்டரை மாட்டினால் ட்ரூநாஸ் கன்சோல் மெனுவில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் அமைக்கும் தேர்வு இருக்கும். அதில் புதுப் பெயரைத் தேர்ந்து அதே ஐபியைக் கொடுத்தால் போதும். அதற்காக, கார்டைக் கழற்றும் முன் நெட்வொர்க் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அமைப்புக் கோப்பையும் டவுன்லோடு செய்து ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யுங்கள், டெலிவரி இருக்கும் வெள்ளிக்கிழமை மாலையில் வேண்டாம்.